எம்.எஸ். பாடிய சுப்ரபாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் ஓர் அலமாரி நிறையப் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள், அவர்கள் கூட்டிவரும் நண்பர்களும் வருவார்கள். எந்தத் தட்டைப் போட்டு ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தில்தான் போய் நிற்கும். அங்கிருந்து அவருடைய சினிமா, கச்சேரி, குடும்பம் என்று கேள்விகள் கிளைவிடும். பல வருஷமாக அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாக வைத்திருக்கிறேன்.

எம்.எஸ்.னா என்னங்க விரிவு? அவங்க எந்த ஊரு?

மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. முதலெழுத்து பிறந்த ஊர், இரண்டாவது அம்மா பெயர். 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தார். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். வீட்டில் கூப்பிட்ட பெயர் குஞ்சம்மா. காலமானது 2004 டிசம்பர் 11, சென்னையில்.

சுப்ரபாதம் எப்போ பாடினாங்க? கோயில்ல வச்சு ரெக்கார்டு பண்ணதா?

1963-ல், எச்.எம்.வி. நிறுவனத்துக்காக, ஒலிப்பதிவுக் கூடத்தில். கோயிலில் அல்ல. கேட்கும்போது மண்டபத்துக்குள் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு வருகிறதே, அது தம்புராவாலும் குரலாலும் வருவது. கூடவே கேட்கும் இன்னொரு பெண்குரல் ராதா விஸ்வநாதன். கணவர் சதாசிவத்தின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள், எம்.எஸ். வளர்த்த பெண், கச்சேரி மேடையில் பல்லாண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர். இரண்டு குரல் என்பதே பலருக்குத் தெரியாது. அவ்வளவு இழைந்திருக்கும்.

எழுதினது யாரு, ஆதிசங்கரரா?

இல்லை. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் என்ற வைணவ ஆசாரியர், மணவாள மாமுனிகளின் சீடர். சுமார் 600 வருஷத்துக்கு முந்தையவர். இதே மரபில் அண்ணங்கராசாரியார் என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவர் உண்டு. இவரையும் அவரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

முதல் சுலோகம் மட்டும் அவர் எழுதியதல்ல. ‘கௌசல்யா சுப்ரஜா ராம’ என்பது வால்மீகி ராமாயணத்தில், பாலகாண்டத்தில், தூங்கும் ராமனை விசுவாமித்திரர் எழுப்பும் இடம். யாகம் காக்கக் காட்டுக்கு வந்து தரையில் படுத்துத் தூங்கும் ஒரு சிறுவனை எழுப்பும் வார்த்தையை அப்படியே எடுத்து, வேங்கடவனை எழுப்பும் பாட்டுக்கு வாசலாக வைத்தார் அண்ணன். சங்கரர் என்ற சந்தேகம் வரக் காரணம் ‘பஜ கோவிந்தம்’. அது சங்கரர் பெயரில் வழங்கும் பாடல். எம்.எஸ். அதையும் பாடியிருக்கிறார். கேசட் காலத்தில் எல்லாவற்றையும் ஒரே நாடாவில் சேர்த்துக் கேட்டதால் எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு முதியவர் பேசுகிற குரல் நினைவிருக்கும். அது ராஜாஜி, பஜ கோவிந்தத்துக்குச் சொன்ன முன்னுரை.

எவ்ளோ நேரம் ஓடும்? முழுக்க சுப்ரபாதம்தானா?

சுமார் 20 நிமிடம். அதற்குள் நான்கு பகுதிகள்: எழுப்பும் சுப்ரபாதம் 29 சுலோகம், துதிக்கும் ஸ்தோத்திரம் 11, சரணடையும் பிரபத்தி 16, வாழ்த்தி முடிக்கும் மங்களாசாசனம் 14. சந்தம் மாறும்போது மெட்டும் மாறும். ‘கமலாகுச’ என்று தொடங்கும்போது வேகம் எடுக்கிறதே, அங்கேதான் ஸ்தோத்திரம் ஆரம்பம்.

இந்த 20 நிமிடம் வந்ததே எல்.பி. என்ற நீளத் தட்டினால்தான். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலரை. அதில் சுப்ரபாதத்தைப் பதிந்திருந்தால் மூன்று நான்கு தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். 33⅓ சுற்றுத் தட்டு வந்த பிறகுதான் ஊசியை ஒருமுறை வைத்துவிட்டுக் கோலம் போடப் போக முடிந்தது.

அதுக்கு முன்னாடி யாருமே பாடலையா?

கோயிலில் நூற்றாண்டுகளாக ஓதுகிறார்கள். வானொலியில் பி.வி. அனந்தசயனம் ஐயங்காரின் குரலில் ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. எம்.எஸ். புது மெட்டு எதையும் போட்டு அலங்கரிக்கவில்லை. ஓதும் முறையை ஒட்டியேதான் பாடினார். அதனால்தான் பெரியவர்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

திருமலையில தினமும் இந்த ரெக்கார்டைத்தான் போடுறாங்களா?

சன்னிதியில் ஓதுவது அங்குள்ள வேத பண்டிதர்கள், நேரடியாக, விடியும் முன்பு. மார்கழியில் அதுவும் கிடையாது. அந்த மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவை. ஊரிலும் உலகத்திலும் ஒலிப்பது எம்.எஸ். குரல்.

வேற யார் பாடினாலும் இது மாதிரி வரமாட்டேங்குதே, ஏன்?

பழக்கம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த குரலை அசைப்பது கஷ்டம். ஆனால் பழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாலும் இரண்டு விஷயம் நிற்கும்.

ஒன்று உச்சரிப்பு. தமிழில் ஒரே ஒரு ‘க’. வடமொழியில் நான்கு. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தலைமேல் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்களே, அந்த எண் அத்தனையும் எம்.எஸ். குரலில் கேட்கும். முதல் சுலோகத்திலேயே பாருங்கள். ‘உத்திஷ்ட’ என்ற சொல்லின் கடைசி ‘ட’வில் ஒரு மூச்சு சேரவேண்டும். நாம் சொல்லும்போது அது ‘இஷ்டம்’ என்பதில் வரும் ‘ட’வாகிவிடும். அவர் பாடும்போது அந்த மூச்சு அளவோடு வந்து, அடுத்த சொல்லைத் தள்ளிவிடாமல் அடங்கும். ‘ஆஹ்நிகம்’ என்பதில் ‘ஹ’வுக்கும் ‘ந’வுக்கும் நடுவே இல்லாத உயிரெழுத்தை நுழைக்காமல் சொல்லிப் பாருங்கள், அருமை தெரியும். பாஷை தெரிந்தவர்களை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டு பாடுவது அவர் கடைசிவரை விடாத வழக்கம்.

இரண்டாவது, அவர் எதைச் செய்யவில்லை என்பது. மேடையிலேயே கற்பனை செய்து விரிக்கும் கற்பனாசுரமும் நிரவலும் அநாயாசமாகப் பாடக்கூடியவர் 20 நிமிடம் ஒரு பிருகாகூட, அதாவது ஒரு வேகமான உருட்டல்கூடப் போடாமல் பாடுகிறார். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் எங்கே தேவையோ அங்கே மட்டும். வித்தை தெரிந்தவருக்கு அதை அடக்குவது தெரியாதவர் சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு கடினம். சுருதியோ, தம்புராவின் தந்தியிலிருந்தே கிளம்பின மாதிரி. நல்ல காதுபோனில் கேட்டால் ஒரு சுலோகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடுக்கில் தம்புரா தனியாக நிற்பது கேட்கும். குரல் எங்கே நின்றது, தம்புரா எங்கே தொடர்ந்தது என்று பிரிக்க முடியாது.

அவங்க சினிமா நடிகையாமே? நிஜமாவா?

நிஜம்தான். நான்கு தமிழ்ப் படங்கள்: ‘சேவாசதனம்’ 1938, ‘சகுந்தலை’ 1940, ‘சாவித்திரி’ 1941, ‘மீரா’ 1945. மீரா 1947-ல் இந்தியிலும் வந்தது, சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அறிமுகம் செய்ய.

சேவாசதனத்தை இயக்கியவர் கே. சுப்ரமணியம். கதை இந்தி எழுத்தாளர் பிரேம்சந்துடையது. வயதானவனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண் படும் பாடு. கிழக்கணவனாக நடித்த எஃப்.ஜி. நடேசய்யர்தான், 1927-ல் திருச்சி மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் சிறுமி எம்.எஸ். கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர். அன்று பிடில் மைசூர் சௌடய்யா, மிருதங்கம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு! சகுந்தலையில் துஷ்யந்தனாக ஜி.என். பாலசுப்பிரமணியம். சாவித்திரியில் எம்.எஸ். போட்டது ஆண் வேஷம், நாரதர். அந்தப் பணம், கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க முதலாக உதவியது.

மீராவை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. சகுந்தலையும் அவர் படம்தான். மீராவுக்காக எம்.எஸ்.ஸின் முகத்தைச் சாந்தில் சிலையாக வார்த்து, அதன்மேல் பல கோணங்களில் விளக்கு அடித்துப் பார்த்து, எந்த வெளிச்சத்தில் அந்த முகம் எப்படித் தெரியும் என்று படித்துவிட்டுத்தான் படம் பிடித்தார். மீராவில் முகத்தின் கிட்டக் காட்சி வரும் இடங்களை இந்தச் செய்தி தெரிந்து பாருங்கள். கன்னத்தின் ஓரத்தில் நிழல் எங்கே முடிகிறது என்பதுகூடத் தற்செயலாக இருக்காது.

மீரா அவ்ளோ ஓடிச்சுன்னா அப்புறம் ஏன் நடிக்கலை?

நடிக்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. மீரா அவரை வட இந்தியாவுக்குக் கொண்டுபோனது. மீராவாக அவரைப் பார்த்த ஜனங்கள் கச்சேரி மேடையிலும் மீராவைப் பார்த்தார்கள். என் கருத்தைச் சொல்கிறேன்: 1963-ல் சுப்ரபாதத்தைக் கேட்டவர்கள் ‘இது பக்தையின் குரல்’ என்று தயக்கமில்லாமல் நம்பியதற்கு 1945-லேயே விதை விழுந்துவிட்டது. சினிமாவை அவர் வாழ்க்கையின் ஓர் ஓரத்துக் கிளையாக நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அவங்களோட முதல் ரெக்கார்டு எது?

பத்து வயதில், 1926 வாக்கில் பாடிய ‘மரகத வடிவும்’ என்று தொடங்கும் பாட்டு. அம்மா வீணை வாசித்தார். மேலே சொன்ன மூன்று நிமிட அரக்குத் தட்டு.

இந்த மூன்று நிமிடப் பழக்கம் லேசுப்பட்டதல்ல. ராகத்தின் உருவத்தை நாலு சங்கதியில் காட்டிவிட்டு, பாட்டுக்குள் போய், சிவப்பு விளக்கு அணைவதற்குள் முடிக்கவேண்டும். தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது, முதலிலிருந்து பாடவேண்டியதுதான். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒலிவாங்கியின் முன்னால் பழகிய பிறகு பாடிய 20 நிமிடம்தான் சுப்ரபாதம்.

‘குறை ஒன்றும் இல்லை’ ஆழ்வார் பாசுரமா?

அப்படித்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ராஜாஜி எழுதியது. மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என மூன்று ராகத்தில் போகும். மீராவில் வரும் ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். ‘வடவரையை மத்தாக்கி’ மட்டும் உண்மையிலேயே பழசு: சிலப்பதிகாரம், ஆய்ச்சியர் குரவை.

காந்தி இவங்க பாட்டைக் கேட்டு விரும்பினாராமே?

ஆமாம். ‘ஹரி தும் ஹரோ’ என்ற மீரா பஜனையை எம்.எஸ். பாடிக் கேட்க ஆசைப்பட்டார். தனக்கு அந்தப் பாட்டு சரியாக வராது, வேறு யாராவது பாடட்டும் என்று எம்.எஸ். தரப்பில் தயங்கியபோது, மற்றவர்கள் பாடுவதைவிட எம்.எஸ். வசனமாகச் சொன்னாலே போதும் என்று காந்தியிடமிருந்து பதில் வந்தது. சென்னை வானொலி நிலையத்தில் இரவோடு இரவாகப் பதிவுசெய்து, 1947 அக்டோபரில் அவர் பிறந்தநாளுக்கு டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. சில மாதத்தில், 1948 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த செய்திக்குப் பின் வானொலியில் அதே பதிவு ஒலித்தது. அதைக் கேட்ட எம்.எஸ். மயங்கி விழுந்தார்.

ஐ.நா. சபையில சுப்ரபாதம்தான் பாடினாங்களா?

1966 அக்டோபர் 23 அன்று அவர் ஐ.நா.வில் செய்தது முழுக் கச்சேரி. அதில் இரண்டு பாட்டு இன்றும் பேசப்படுகிறது. காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’ ஒன்று. உலக அமைதிக்காக ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனைப் பாட்டு இன்னொன்று. ஆங்கிலப் பாட்டின் மெட்டு சென்னை வானொலியில் இருந்த ஹேண்டல் மானுவலுடையது. பிடில் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் விநாயக்ராம்.

பக்திப் பாட்டுதானே பாடினாங்க, பெரிய வித்வத்னு சொல்லமுடியுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். சுப்ரபாதத்தின் புகழே அவர் கச்சேரியை மறைத்துவிட்டது. 1968-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அடுத்த பெண் டி.கே. பட்டம்மாள், 1970-ல். செம்மங்குடி, முசிறி போன்றவர்களிடம் பாடம், வட இந்திய இசைக்குச் சித்தேசுவரி தேவியிடம் பாடம். அதுவும் ஊரே கொண்டாடும் பாடகியான பின்பு, மறுபடி மாணவியாக உட்கார்ந்து.

கேட்டுத்தான் தீர்க்கவேண்டும். சியாமா சாஸ்திரியின் ‘சரோஜ தள நேத்ரி’யை அவர் மேடையில் பாடிய நேரடிப் பதிவு ஒன்றைத் தேடி எடுங்கள். முதலில் சங்கராபரண ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை. தாரஸ்தாயி என்ற மேல் ஸ்தாயியில் நின்று ஒரே சுரத்தை நீட்டிக் கார்வை கொடுக்கும் இடத்தில் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். முத்துசாமி தீட்சிதரின் ‘ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே’ காம்போதியில். ‘ரங்கபுர விஹார’ பிருந்தாவன சாரங்காவில். மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டு வந்து அப்புறம் வித்வத்தைப் பற்றிப் பேசலாம்.

இவ்ளோ வித்த ரெக்கார்டு, ராயல்டி எல்லாம் யாருக்குப் போச்சு?

சுப்ரபாதத்தின் ராயல்டி திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு. வேறு பல தட்டுகளின் வருமானத்தையும் இப்படியே எழுதிக் கொடுத்தார்கள். 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்குப் பாடியதில் தொடங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று நிதிக் கச்சேரிகள் ஏராளம். 1974-ல் மகசேசே விருது கொடுத்தபோது இந்தப் பொதுப்பணியையும் சேர்த்துத்தான் பாராட்டினார்கள்.

அப்போ அவங்களே கஷ்டப்பட்டாங்கன்னு சொல்றாங்களே?

ஆமாம். 1970-களின் பிற்பகுதியில் பணமுடை. நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த ‘கல்கி கார்டன்ஸ்’ என்ற பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போனார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் ‘பாலாஜி பஞ்சரத்னமாலை’ வந்தது. தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த பி.வி.ஆர்.கே. பிரசாத் எடுத்த முயற்சி. அன்பளிப்பு என்றால் இவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் பாடித் தரும் வேலையாகக் கேட்டார்கள். ஐந்து எல்.பி. தட்டுகள். அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளை நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியிடம் பாடம் பண்ணிக்கொண்டு, அறுபது வயது தாண்டிய பிறகு, புதுசாகக் கற்று, முன்பு சொன்ன அதே உச்சரிப்புப் பிடிவாதத்தோடு பாடினார். என் அலமாரியில் அந்த ஐந்தும் இருக்கின்றன. சுப்ரபாதக் குரலைவிடக் கொஞ்சம் கனத்த குரல், வயதின் பொடிச் சொரசொரப்பு. எனக்கு இந்தக் குரல்தான் இன்னும் நெருக்கம்.

சதாசிவம் அவங்களைத் தன் கைக்குள்ளயே வச்சிருந்தார்னு சொல்றது உண்மையா?

எங்கே பாடுவது, எதைப் பாடுவது, யாருக்குத் தட்டு கொடுப்பது, பணத்தை என்ன செய்வது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. 1940 ஜூலையில் திருநீர்மலையில் கல்யாணம். 1997 நவம்பரில் அவர் காலமானார். அதன்பின் எம்.எஸ். பொதுமேடையில் பாடவில்லை. அடுத்த வருஷம் பாரத ரத்னா வந்தது, இசைக் கலைஞர் ஒருவருக்கு முதல்முறையாக.

அவர் இல்லாவிட்டால் இந்த உயரம் வந்திருக்காது என்பார்கள் சிலர். அவரால்தான் கச்சேரியில் பஜனும் துக்கடா என்ற சின்னப் பாட்டுகளும் கூடி, விஸ்தாரமாகப் பாடும் எம்.எஸ். குறைந்துபோனார் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டு என்று முடிவுசெய்தவர் சதாசிவமாகவே இருந்தாலும், ‘உத்திஷ்ட’வில் அந்த மூச்சை வைத்தவர் சுப்புலட்சுமி. அந்த வேலையில் அவருக்குப் பதிலாக யாரும் கையெழுத்துப் போட முடியாது.

அவங்க அம்மா வழிப் பின்னணியைப் பத்தி ஏன் யாரும் வாயே திறக்கிறதில்லை?

இப்போது திறக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். சண்முகவடிவு தேவதாசி மரபில் வந்த கலைஞர். இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்கள் அவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த மரபின்மேல் சமூகம் அவமானத்தைச் சுமத்தியது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் எம்.எஸ். பட்டுப்புடவை, வைரமூக்குத்தி, நெற்றியில் குங்குமம் என்று ஒரு குடும்பத்தலைவி உருவத்தில் மேடையில் அமர்ந்தார்.

அந்த உருவம் அவரைக் காப்பாற்றியது என்றும், அம்மாவையும் பாட்டியையும் கதையிலிருந்து மறைத்தது என்றும் இரண்டு விதமாகவும் சொல்லலாம். பெயரின் முன்னால் இருக்கும் ‘எஸ்’ஸை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. பத்து வயதில் வீணை வாசித்துப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் எழுத்து அது.

நெட்ல கேக்கும்போது குரல் ஒரு மாதிரி கீச்சுன்னு இருக்கே?

வேகம் தப்பியிருக்கும். தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ கணினிக்கு மாற்றும்போது சுழற்சி 100-க்கு 6 பங்கு கூடினால் போதும், சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும், அதாவது அரைக் கட்டை. 20 நிமிடப் பதிவு ஒரு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். அதனால் முதலில் நேரத்தைப் பாருங்கள். 19 நிமிடத்துக்குக் கீழே இருந்து, எந்தச் சுலோகமும் விடுபடாமலும் இருந்தால் வேகத்தின்மேல்தான் சந்தேகம். கேசட்டிலிருந்து வந்த பதிவுகளில் இது சகஜம். நானே ஒருமுறை இசைத்தட்டுப் பெட்டியின் வேகம் தப்பியிருந்தது தெரியாமல் இரண்டு எல்.பி.யை மாற்றி நண்பர்களுக்குக் கொடுத்து, பிறகு எல்லோரிடமும் திரும்ப வாங்கி அழித்தேன்.

வீட்ல பழைய தட்டு இருக்கு, ஒரே கரகரப்பு. என்ன பண்றது?

முக்கால்வாசி கரகரப்பு தூசிதான். எல்.பி. தட்டென்றால் வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கவேண்டும். நடுவில் இருக்கும் காகித வில்லையில் தண்ணீர் படக்கூடாது. ஊசியையும் பாருங்கள், தேய்ந்த ஊசி நல்ல தட்டையும் கெடுக்கும். 78 சுற்று அரக்குத் தட்டுக்குச் சாராயம் கலந்த திரவம் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். தட்டுகளை நிற்கவைத்து அடுக்குங்கள். படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வளையும்.

சுப்ரபாதத்தை என் வீடியோவுக்குப் பின்னணியா போட்டா கேஸ் போடுவாங்களா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம், வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. 1963-ல் வெளியான பதிவென்றால் 2023 கடைசியோடு முடிந்துவிட்டது. 1970-ல் வந்த விஷ்ணு சகஸ்ரநாமத்துக்கு 2030 கடைசிவரை உண்டு. அதனால் ‘எல்லாம் பழசுதானே’ என்று சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பாட்டின் வரிகளுக்குத் தனிக் கணக்கு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு. சுப்ரபாத வரிகளுக்குக் கவலையில்லை. ‘குறை ஒன்றும் இல்லை’க்கு உண்டு. ராஜாஜி 1972-ல் மறைந்தார், ஆக 2032 முடியவேண்டும்.

வெளிநாடுகளில் கணக்கு வேறு. வீடியோத் தளங்களில் இயந்திரமே உரிமை கோரல் போட்டுவிடும். வியாபார நோக்கில் செய்வதானால் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுவது நல்லது.

எம்.எஸ். ப்ளூன்னு புடவைக் கடைல சொல்றாங்களே, அது இவங்களாலதானா?

ஆமாம். காஞ்சிபுரம் பட்டில் முத்துச்செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்த அந்த நீலம்.

தினமும் கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சு. புதுசா கேக்க வழி இருக்கா?

விடியற்காலையில் வேண்டாம். சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, வேறு வேலை எதுவும் கையில் இல்லாமல் உட்காருங்கள். முதலிலிருந்து போடாமல் பிரபத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். காதுக்குப் பழகாத பகுதி அதுதான். ராதாவின் குரலைத் தனியாகப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை தம்புராவை மட்டும் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் தன் அம்மாவைக் கூட்டி வந்தார். எண்பதைத் தொட்டவர். சுப்ரபாதம் போட்டதும் உதடு கூடவே அசைந்தது, ஒரு சொல் தப்பவில்லை. பிரபத்தி வந்ததும் உதடு நின்றுவிட்டது. மங்களாசாசனத்தில் நாற்காலி நுனிக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, முதல்முறை கேட்கிற மாதிரி கேட்டார். முடிந்ததும் ஊசியை எடுக்கப் போனேன். “இருப்பா, இந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் வை” என்றார். “நாப்பது வருஷம் வீட்ல ரேடியோல ஓடிருக்கு. இந்த இடம் வரும்போது பால் பொங்கிடும், நான் அடுப்படிக்கு ஓடிருவேன்.”